நாற்பது ஜிபி அப்பா

கோப்பு அனுப்ப நல்ல மென்பொருள் ஒன்றைத் தேடச் சொல்லி என் தம்பி என் உயிரை வாங்கிய அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. அவன் இருப்பது டொரன்டோவில். நான் தோட்டவெளியில் இருந்துகொண்டு தினமும் மன்னார் அரச செயலகத்துக்கு, எங்கள் பேச்சில் கச்சேரிக்கு, போய்வருகிற எழுதுவினைஞன். கணினியில் கடிதம் அடிப்பேன், அச்செடுப்பேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அனுப்ப வேண்டியது எங்கள் தங்கையின் கல்யாண வீடியோ. வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்ட படம் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. அதில் அப்பா இரண்டே இடத்தில்தான் வருகிறார். மாதா கோவிலுக்குள் தங்கையின் கையைப் பிடித்து நடக்கிறார், பிறகு கேக் தின்கிறார். கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் அப்பா போய்விட்டார். தம்பிக்கு அங்கே இன்னும் வதிவிடப் பத்திரங்கள் சரிவராததால் கல்யாணத்துக்கும் வரவில்லை, அடக்கத்துக்கும் வரவில்லை. பதினொரு வருடமாக அப்பாவை நேரில் காணாதவன். வெட்டாத வீடியோ முழுவதும் வேண்டுமென்று அழுதான். வீடியோக்காரரிடம் கெஞ்சி வாங்கினேன். நாற்பது ஜிபி இருந்தது.

முதலில் கனடா போகிற ஒரு மாமியிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டோம். உடைந்துவிடக் கூடாதென்று அம்மா அந்த டிஸ்க்கைக் கருவாட்டுப் பார்சலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டினார். விமான நிலையத்தில் பார்சலைப் பிடித்து, கருவாட்டோடு அப்பாவையும் குப்பையில் போட்டார்கள். இதற்கு யாரைத் திட்டுவது?

இணையத்தில் இலவசமாக ஏற்றி வைக்கும் இடங்களோ கோப்பின் அளவைக் கண்டதும் கையை விரித்தன. அப்போதுதான் தம்பி, நடுவில் யாரும் இல்லாமல் என் கணினியிலிருந்து நேரே அவன் கணினிக்குப் போகிற மென்பொருளைப் பற்றிச் சொன்னான். அவனே ஒன்றைத் தேர்ந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எது நல்லதென்று பார்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டான்.

நான் இறக்கிய முதலாவது, தன்னோடு இன்னும் நான்கை அழைத்து வந்து கணினியில் குடியிருத்தியது. திறந்த இடமெல்லாம் சூதாட்ட விளம்பரம். அதை அழிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இரண்டாவது அழகாக வேலை செய்தது. ஆனால் இடையில் இணைப்பு அறுந்தால் மறுநாள் பூச்சியத்திலிருந்து தொடங்கும். தினமும் அறுந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கணினி திருத்தும் முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அவரிடம் போய் நின்றேன்.

"தம்பி, டொரண்ட் போடுங்கோ. விட்ட இடத்தில இருந்து பிடிக்கும்" என்றார்.

வீட்டில் அதைச் சொன்னதும் என் மனைவி, "அதில போட்டா ஊருலகமெல்லாம் எடுத்துப் பாக்கலாமாமே. மாமாவ அதில விடாதேங்கோ" என்றாள். திரும்பவும் நானாவிடம் ஓடினேன். கடைசியில், இரகசியச் சொல் தெரிந்த இரண்டு கணினிகள் மட்டும் பேசிக்கொள்கிற, விட்ட இடத்திலிருந்து தொடர்கிற ஒன்றைப் போட்டுத் தந்தார்.

அதுவும் நின்றது. தம்பி இரவு வேலை முடித்து அறைக்கு வர அங்கே காலை ஒன்பது மணி. பத்து மணிக்கு அறையில் இருக்கும் மற்றவர் படுத்துவிடுவதால் கணினியை மூடிவிடுவான். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். தொடங்கிய உடனே நிற்கும். அந்த மணித்தியாலம் முடியப் போகிற நேரத்தில் திரும்பவும் இருபது நிமிடம் ஓடும். நான் மென்பொருளைத் திட்டினேன், நானாவை மனதுக்குள் திட்டினேன், தம்பியை வாய்விட்டே திட்டினேன்.

பத்தாவது நாள் அவன் அழைத்தான்.

"அண்ணா, இங்க ஒன்பது எண்டா அங்க என்ன நேரம்?"

"ஆறரை."

அவன் வாய்க்குள் கணக்குப் பார்த்தான். பிறகு, "அம்மா வயரைக் கழட்டுறா" என்றான்.

எங்கள் வீட்டில் ஆறரைக்குச் செபமாலை. போன் ஒன்றும் கிணுகிணுக்கக் கூடாதென்று வைஃபை பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் மெழுகுதிரி ஏற்றுவது. அப்பா போட்ட சட்டம். தினமும் பக்கத்தில் முழங்காலில் நிற்கிற எனக்கு அது தட்டுப்படவில்லை. பதினொரு வருடமாக வீட்டில் இல்லாதவனுக்குத் தட்டுப்பட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

வயரைக் கழற்றாமல் விடச் சொல்லி அம்மாவிடம் கேட்டால், "அப்பா இல்லையெண்ட உடன அவற்ர சொல்லும் இல்லையோ?" என்றார்.

"அப்பாவைத்தானம்மா அனுப்புறன்."

அம்மா வயரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அப்பிடியெண்டா அவனும் செபிக்கட்டும். போனை மேசையில வை" என்று வயரைத் திரும்பச் செருகினார்.

தம்பி களைப்பு என்றான், சாப்பிடவில்லை என்றான். அம்மா காதில் வாங்கவே இல்லை. செபமாலையில் பத்துப் பத்துச் செபமாக ஐந்து பத்துகள் உண்டு, அவற்றை ஆளுக்கொன்றாகச் சொல்லுவோம். நாலாவது அப்பாவுடையது, அவர் போனபிறகு அம்மாதான் அதையும் சொல்லி வந்தார். அன்று நாலாவது வந்ததும் போனைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். அவன் இரண்டு இடத்தில் தடுமாறினான். அம்மா திருத்தினார்.

ஒன்பது மாலைகள் அப்படிப் போய் ஒருவழியாக நூறு வீதம் வந்தது. தம்பி பார்த்துவிட்டுச் சொன்னான், "கலியாணம் முழுக்க அப்பா ஆக்களுக்கு இருக்கக் கதிரை தூக்கிக் குடுத்துக்கொண்டு திரியிறார். அவர் ஒரு கதிரையிலயும் இருக்கேல்ல."  

மறுநாள் ஆறரைக்கு நானே நிம்மதியாக வயரைக் கழற்றினேன். தொல்லை விட்டது. அம்மா மெழுகுதிரியை ஏற்றும்போது சாதாரண அழைப்பில் போன் அடித்தது. தம்பி.

"ஏன்டா? எல்லாம் வந்திட்டுதுதானே. இனி என்ன வேணும்?"

"வைஃபையைப் போடுங்கோ அண்ணா. நாலாவது பத்து ஆர் சொல்லுறது?"

கழற்றிய வயரை நானே திரும்பச் செருகினேன்.