காரின் கண்ணில் வைத்த மஞ்சள்

எங்கள் காருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைத்துவிடுவேன். பானட்டில் ஒன்று, நம்பர் பலகையில் ஒன்று, முன்விளக்கு இரண்டிலும் ஒவ்வொன்று. அந்த விளக்குகள்தான் வண்டிக்குக் கண் என்று எனக்கு நினைப்பு. கண்ணில் மஞ்சள் தடவி நடுவில் குங்குமம் வைத்தால்தான் வண்டியை வெளியே அனுப்ப மனசு வரும். ஓட்டுகிறவள் என் மருமகள் ஆயிற்றே.

திருப்பதியில் ஒரு புரோக்கரிடம் பழைய வண்டியாக வாங்கி, டாக்சி பர்மிட்டும் போட்டு வைத்தவன் என் மகன். ஒரு வருஷம் ஓட்டினான். பிறகு குவைத்துக்கு டிரைவராகப் போக வழி கிடைத்ததும், இதை விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆந்திர எல்லையில் நாகலாபுரத்தைச் சுற்றி இருக்கும் எங்கள் ஊர்களில், நாற்று நடவும் களை எடுக்கவும் போன வீட்டுப் பெண்பிள்ளைகள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். முதல் ஷிஃப்டுக்கு முதல் பஸ்ஸை நம்பிப் போக முடியாது. மருமகள் இதையெல்லாம் பார்த்தாள். காரை விற்கவில்லை. சித்தூரில் அவள் அண்ணன் வீட்டில் ஒன்றரை மாதம் தங்கி வண்டி பழகி, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு கம்பெனிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிப்போய் ஏற்றிவரும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

ஊரில் பேச்சு இல்லாமல் இருக்குமா? ஒருநாள் பின்சீட்டில் நானும் உட்கார்ந்து போகும்போது, டீக்கடையிலிருந்து ஒருத்தர் எங்கள் காதில் விழும்படி சொன்னார்.

"மாமியா பொட்டு வெக்குது, மருமவ ஓட்டுது. புள்ள அங்க ஒட்டகம் மேய்க்கிதா?"

எனக்கு முந்தானையை முகத்தில் இழுத்துக்கொள்ளத் தோன்றியது. அவள் வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினாள்.

"ஒட்டகமாவது ஆரன் அடிச்சா ஒதுங்கும் மாமா."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கேட்டவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே பெஞ்சை ரோட்டிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டார். எனக்கெல்லாம் இந்த மாதிரி ஒரு வார்த்தை மூன்று நாள் கழித்து, பாத்திரம் கழுவும்போதுதான் வரும்.

மூன்றாவது வருஷம் காரின் விளக்குகள் மஞ்சளாக ஆரம்பித்தன. நான் வைக்கிற மஞ்சள்தான் ஏறிவிட்டது என்று நினைத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வெட்கம். குத்துவிளக்கில் கறை ஏறினால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். புளியும் செங்கல் தூளும் சேர்த்து, தேங்காய் நாரை எடுத்து நன்றாகத் தேய்த்தேன். காலை ஷிஃப்டுப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து அவள் தூங்குகிற நேரத்தில் இதைச் செய்வேன். தண்ணீர் ஊற்றியதும் விளக்கு பளிச்சென்று இருக்கும். காய்ந்தால் மோர் தெளித்த மாதிரி ஆகிவிடும். சரி, இன்னும் போகவில்லை என்று அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். இப்படியே எத்தனை வெள்ளிக்கிழமை என்று எனக்குக் கணக்கு இல்லை.

மார்கழியில் பனி இறங்கியது. அவள் ஸ்டியரிங்குமேல் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தாள். விளக்கைப் போட்டாலும் வெளிச்சம் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே நின்றுவிடுகிறது, ரோட்டுக்கு வரமாட்டேன் என்கிறது என்றாள். அந்த மாதம்தான் எஃப்.சி. வேறு. வாடகைக்கு ஓடுகிற வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதி உண்டு என்று எழுதி வாங்கவேண்டும். திருப்பதியில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை அவள் மெக்கானிக்கிடம் காட்டினாள். இந்த விளக்கோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இரண்டையும் மாற்றித்தான் ஆகவேண்டும், இது பழைய மாடல், சென்னையில் சொல்லிவைத்தாலும் வர பத்து நாள் ஆகும் என்று அவர் கையை விரித்துவிட்டார். எஃப்.சி. இல்லாத வண்டியைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். எங்கள் ரூட்டுக்கு ஆசைப்பட்டு வேறு இரண்டு வண்டிக்காரர்கள் அங்கே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் அவள் வரவில்லை என்றால் அந்த வேலை அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகன் போன் செய்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள். இப்படிக் கண் தெரியாத வண்டியைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே, பார்த்து வாங்கக் கூடாதா என்று கேட்டாள். வாங்கின அன்றைக்கு விளக்கு கண்ணாடி மாதிரி இருந்தது என்று அவன் சாமி மேல் சத்தியம் செய்தான். அவன் சொன்னது உண்மை. பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்குத்தான் அது தெரியும். அன்று காலையில்கூட நாரை எடுத்துத் தேய்த்திருந்தேன். சுத்தமாக இருந்த அரிசியைத் திரும்பவும் முறத்தில் கொட்டிப் பொறுக்கினேன்.

சனிக்கிழமை அவள் போனில் ஒரு வீடியோ பார்த்தாள். யாரோ ஒருத்தன் தன் வீட்டு வாசலிலேயே இந்த மாதிரி விளக்கைச் சரிசெய்கிறான். அவன் பேசுகிற பாஷை எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு, அவன் கையை மட்டும் மூன்று தடவை பார்த்தாள். பிறகு சத்தியவேட்டுக்குப் போய்ப் பெயிண்ட் கடையிலிருந்து மூன்று தினுசு உப்புத்தாள், காகித டேப், பாலிஷ் போடுகிற காம்பவுண்ட், நிறமில்லாத ஸ்பிரே ஒன்று எல்லாம் வாங்கிவந்தாள். கடைக்காரர் உங்கள் வீட்டில் ஆம்பிளைகள் இல்லையா என்று கேட்டாராம். கீறாங்க, குவைத்ல, கொஞ்சம் கத்திக் கூப்பிட்டா வருவாங்க என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லை. காலையில் வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, விளக்கைச் சுற்றிப் பெயிண்டில் தாள் படாமல் இருக்க டேப் ஒட்டினாள். ஒட்டும்போது விளக்கின் ஓரத்துச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுனியைத் தேய்த்துப் பார்த்தாள். எழுந்து வீட்டுக்குள் போய்ப் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

உப்புத்தாளின் முதுகில் எண் போட்டிருந்தது. மூன்றாவது வரைக்கும் படித்தவள் நான், எண் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாயிரம் என்று போட்டதுதான் முரட்டுத் தாளாக இருக்கும் என்று அதை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி என் கன்னத்தில் தடவினாள். பழைய வேட்டி மாதிரி இருந்தது.

"நெம்பர் ஏற ஏற மெத்து அத்த."

எண்ணூறில் ஆரம்பித்தாள். தாளைத் தண்ணீரில் நனைத்து, வலது விளக்கில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நேராகத் தேய்த்தாள். மஞ்சள் கலந்த பால் மாதிரி வழிந்தது. துணியால் துடைத்தால் முன்பு அரைகுறையாகவாவது தெரிந்த விளக்கு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

"இன்னாமே, சுத்தமா போச்சே."

"போவட்டும் அத்த. மேல கீறது போனாத்தான் உள்ள கீறது தெரியும்."

அவள் பதறவே இல்லை. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்ததையும் கெடுத்தபிறகுதான் நல்லது வரும் என்றால் என் கை அங்கேயே நின்றிருக்கும். அவள் அடுத்த தாளை எடுத்து, இந்த முறை மேலிருந்து கீழாகத் தேய்த்தாள். எதற்கு மாற்றித் தேய்க்கிறாய் என்று கேட்டேன். முதல் தாள் போட்ட கோடு படுத்திருக்கிறது, இந்தத் தாள் போடுவது நிற்கிறது, படுத்த கோடு ஒன்றுகூடக் கண்ணில் படாதபோது இந்தத் தாள் வேலை முடிந்தது என்று அர்த்தம் என்றாள். பாஷை தெரியாத ஒருத்தன் கையைப் பார்த்தே இவ்வளவையும் பிடித்திருந்தாள். இரண்டாயிரம் முடிந்து காம்பவுண்டைத் துணியில் தொட்டுத் தேய்த்ததும், விளக்குக்குள்ளே இருக்கிற பல்பு தெரிந்தது. நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். என் மூக்குத்தி அதில் தெரிந்தது.

இடது விளக்குக்கு வந்தோம். வலதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் கீறல் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. வட்டம் வட்டமாக, எங்கள் வீட்டுப் பித்தளைத் தவலையின் வயிற்றில் இருக்கிற அதே வட்டம். இதற்குமேல் என்னால் முடியவில்லை. தேய்த்தது நான்தான் என்று சொன்னேன். மஞ்சள் கறை என்று நினைத்துத் தேய்த்தேன் என்பதையும் சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவள் விரலை நீட்டிக் காட்டினாள். நகக்கண்ணில் சிவப்பாகச் செங்கல் தூள்.

"டேப் ஒட்டும்போதே பாத்துட்டேன். வண்டி மேல தப்பு இல்லன்னு உன் புள்ளைக்கு அப்பவே சொல்லிட்டேன். யாருன்னு சொல்லல."

வெயிலிலேயே பாதி மஞ்சள் ஆகிவிடும், எல்லாம் உன்னால் இல்லை என்று அவளே சமாதானமும் சொன்னாள். பிறகு எண்ணூறாம் தாளை நனைத்து என் கையில் வைத்தாள்.

"இந்தப் பக்கம் நீ தேய்ச்சிக்கினு வா. வட்டமா வேணாம், நேரா."

நேராகத்தான் தேய்க்க நினைத்தேன். கை தானாக வட்டம் போட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கைக்கு வேறு வழி தெரியாது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துக் காட்டினாள். மூன்றாம் தடவை விட்டுவிட்டாள். ஐந்தாறு இழுப்புக்கப்புறம் கை சொன்ன பேச்சு கேட்டது. எங்கே இன்னும் சொரசொரப்பு இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தது. அதில் மட்டும் நான் அவளைவிடக் கெட்டி. வலது விளக்கின் கீழ் ஓரத்தில் அவள் விட்ட இடம் ஒன்றை நான் கண்டுபிடித்தேன். அத்தை இல்லையென்றால் போயிருக்கும் என்றாள். அதை என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா தெரியாது.

கடைசியில் ஸ்பிரே அடிக்கவேண்டும். அடித்தது காய்கிறவரைக்கும் ஒரு தூசி விழக்கூடாது. எங்கள் ரோட்டிலோ லாரி போனால் வீடே சிவக்கும். நான் வாசலிலிருந்து ரோடு வரைக்கும் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தேன், கோழிகளைக் கூடையில் போட்டுக் கவிழ்த்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்தாள். காய்கிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் விளக்குக்கு ஒருத்தராகக் காவல் இருந்தோம்.

திங்கட்கிழமை காலை நான் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். அவள் விளக்குக்கு மேலே இருக்கிற தகட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"கண்ணுல வேணாம் அத்த, புருவத்துல வை."

வைத்தேன். துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டாள்.

திருப்பதியில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. அதிகாரி பிரேக் பார்த்தார், டயர் பார்த்தார், விளக்கைப் போடச் சொன்னார். எதிர்ச் சுவரில் பகலிலேயே இரண்டு வட்டமாக வெளிச்சம் விழுந்தது. அவர் குனிந்து விளக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொத்த லைட்லா?" என்று தெலுங்கில் கேட்டார், புதுசு போட்டீர்களா என்று.

"காது சார், பாதவே. மேமித்தரமே தோமாம்" என்றாள். இல்லை, பழசுதான், நாங்கள் இரண்டு பேரும் தேய்த்தோம் என்று.

அவர் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்த்தீர்களா என்று சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அப்படி இல்லை, அது வட்டம், இது நேர் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அவள் காகிதத்தை இரண்டாக மடித்து என் மடியில் வைத்தாள். பத்திரமாக வைத்துக்கொள், மத்தியான ஷிஃப்டுக்குப் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று சொல்லி வண்டியை எடுத்தாள். ஊர் வந்து சேரும் வரைக்கும் அந்தக் காகிதத்தை நான் பிரிக்கவில்லை. விளக்கை அணைக்க அவள் மறந்திருந்தாள். எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கு எரிகிறது என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகும் அவள் அணைக்கவில்லை. நான் சொல்லவில்லை. எரியட்டும் என்று இருந்துவிட்டேன்.