அடக்கம் முடிந்தவளுக்குச் சுகம் கேட்டவள்

ஜெபம் என்றால் அந்தச் சபையில் தையற்கார அக்காதான். எழுந்து நின்று கண்ணை மூடினாள் என்றால் போதும், வார்த்தை கடகடவென்று கொட்டும். போதகரே சில நாள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பாதி ஜெபத்தில் நிறுத்த மாட்டாள் என்று அவள் கணவர் கேலி செய்வார். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்று யார் சொன்னது?

அந்தப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்திலும் அப்படித்தான் கொட்டினாள். நோயாளிகளுக்காக ஜெபிக்கும் முறை வந்தது. "பூட்டுக்கடை அண்ணன் வீட்டுச் சகோதரியை நினைத்தருளும். படுக்கையைவிட்டு எழுப்பும், சுவாமி" என்றாள். மாதக்கணக்காய்ச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வரி. பூட்டுக்கடைக்காரரின் மனைவியான அந்தச் சகோதரிக்கு முந்தின வாரமே அடக்கம் முடிந்துவிட்டது. குழியோரம் நின்று ஜெபித்தவளும் இதே புண்ணியவதிதான். முன்வரிசைக்காரர்கள் கண்ணைத் திறந்து அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து பூட்டுக்கடைக்காரர் மட்டும் மெதுவாக "ஆமென்" என்றார்.

மறுநாள் யூனிபார்ம் தைக்கும் கூடத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை. அடிநூல் தீர்ந்தது தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்தால் ஊசி தன்பாட்டுக்குக் குத்திக்கொண்டுதான் போகும், துணி மட்டும் சேராது. தன் விசுவாசமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறதோ? எத்தனை வருஷமாய்? ஞானஸ்நானம் எடுத்த புதிதில் இதே மிஷின்முன் உட்கார்ந்து, ஆண்டவரோடு வாய்க்குள்ளேயே பேசிச் சிரித்திருக்கிறாள். மறை கழன்றுவிட்டது என்றார்கள் பக்கத்து மிஷின் பெண்கள். அந்தப் பைத்தியம் திரும்ப வராதா என்று நெஞ்சு ஏங்கியது. இல்லை, அப்போதும் அது வெறும் வயசுக்கோளாறுதானா?

வேலை முடிந்ததும் நேரே பூட்டுக்கடைக்குப் போனாள்.

"அண்ணே, என்ன மன்னிச்சிருங்க. வாய்தான் பேசுச்சு, மனசு அங்க இல்ல."

அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "நீங்க சொன்னப்போ ஒரு நிமிஷம், அவ வீட்டுலதான் படுத்திருக்கான்னு நெனச்சுட்டேன்மா. அதான் ஆமென்னு சொல்லிட்டேன்." ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "எனக்காக ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

கண்ணை மூடினாள். வழக்கமான வரிகள் எல்லாம் தயாராக வந்து நின்றன. ஒன்றைக்கூடச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"வரலண்ணே" என்றாள். "இத்தனை வருஷம் பேசினவளுக்கு ஒண்ணுமே வரல."

"அப்ப சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கும் தாங்கவில்லை. சபையில் பேசும் தமிழெல்லாம் எங்கோ போய்விட, வீட்டுப் பேச்சே வாயில் வந்தது.

"ஆண்டவரே, இவரு தனியா இருக்காரு. நானும் உங்கள விட்டுட்டுத் தனியாத்தான் இருக்கேன். நீங்க எங்க இருக்கீங்க?"

ஜெபித்துவிட்டுப் பதிலுக்காக அவள் காத்திருந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அன்று காத்திருந்தாள்.