சாவி சட்டைப் பையில் இருந்தது

பேய்க் கதை என்றாலே எனக்கு எரிச்சல் வரும். யாருக்கோ, எங்கேயோ, எப்போதோ நடந்ததாக ஆரம்பிப்பார்கள். துருவிக் கேட்டால் நழுவிவிடுவார்கள். இது அந்த வகை இல்லை. நடந்தது என் தங்கை புருஷனுக்கு. மனுஷன் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறார். மார்பின் குறுக்கே வரி வரியாகத் தழும்பு இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாக வரலாம், சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் அவருக்கு 'ஃப்யூஸ்' என்று பெயர். வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால், "எங்கயாவது எர்த் சரியா இருக்காது, பாருங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். அவருக்குப் போய் இப்படி நடந்ததே என்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்ததும் பட்டப்பகலில். வெள்ளைப் புடவை இல்லை, கொலுசுச் சத்தம் இல்லை, ஒரு நாய்கூட ஊளையிடவில்லை.

ஒரு பல் டாக்டர். பழைய சாமான் என்றால் பைத்தியம். தன் அப்பா வயதுள்ள ஒரு டிராக்டரை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் நிறுத்தி, பெயின்ட் அடித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரே ஒரு தொல்லை. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்ட பேட்டரி, சாயங்காலம் பார்த்தால் செத்துக் கிடக்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும்.

"எங்கயோ கரண்ட் கசியுது சார்," என்றார் ஃப்யூஸ். "கட்-ஆஃப் சுவிட்ச் ஒண்ணு வெச்சுடலாம். ஓட்டாதப்போ சாவியைத் திருப்பி உருவிட்டீங்கன்னா போதும். பேட்டரிக்கும் வண்டிக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"செஞ்சுடுங்க. ஆனா ஒண்ணு. ஹேண்ட்பிரேக் பிடிக்காது, கியர்ல போட்டுத்தான் நிறுத்தியிருக்கேன். அதை மட்டும் தொட்டுடாதீங்க."

சொல்லிவிட்டு டாக்டர் கிளினிக்குக் கிளம்பிவிட்டார். டாக்டரின் மனைவி உள்ளே ஏசி போட்ட அறையில் படுத்திருந்தார். ஃப்யூஸ் கருவிப் பெட்டியைக் கதவோரம் வைத்தார், போனையும் அதன் மேலேயே வைத்தார். காற்றில் அடித்துக்கொள்கிறதே என்று ஷெட் கதவைச் சாத்தினார்.

டிராக்டரின் மூக்குக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார மட்டும்தான் இடம். பேட்டரி இருந்ததோ அந்த மூக்கில்தான், முன்கிரில்லுக்குப் பின்னால். ஃப்யூஸ் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். அது அவருக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே கதவு போட்ட மாதிரி நின்றது. காலி பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கால்களை டிராக்டருக்கு அடியில் நீட்டிக்கொண்டார்.

வேறு வண்டியாக இருந்தால் முதலில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் முன்னால் போவார். அன்று டாக்டர் தொடாதே என்றாரே என்று விட்டுவிட்டார். பேட்டரியைப் பிரித்துவிட்டால் அப்புறம் இது வெறும் இரும்பு, என்ன செய்துவிடும் என்று நினைத்தார்.

எர்த் கேபிளுக்கு நடுவில் சுவிட்சைப் பொருத்தி முடுக்கினார். சாவியை ஒரு திருப்பு திருப்பினார். டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தார். எரியவில்லை, வண்டிக்குக் கரண்ட் போகவில்லை. சிவப்புச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ ஏறி உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

"மேடமா?" என்று கேட்டார்.

கதவு திறந்த சத்தம் கேட்டதா என்று யோசித்தார். கேட்டதாக நினைவில்லை.

ர்ர்ர்... கடக்!

ஸ்டார்ட்டர் உறுமியது. கியரில் இருந்த டிராக்டர் ஒரு ஜாண் முன்னால் வந்தது. கிரில் அவர் மார்பில் இடித்து, சுவரோடு சேர்த்து அழுத்தியது.

"ஐயோ!" என்று அலறினார்.

பானெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. பதறிப்போன குரல்.

"ஐயையோ... கொஞ்சம் பொறுங்க. இதோ, பின்னால எடுத்துடறேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரின் மனைவிதான். தெரியாமல் எதையோ அழுத்திவிட்டார் போலிருக்கிறது.

"மேடம், எதையும் அழுத்தாதீங்க! க்ளட்ச்சை மிதிங்க!"

"எது?"

"இடது கால்ல!"

ர்ர்ர்... கடக்!

இன்னும் இரண்டு விரற்கடை. கியரில் இருக்கும் வண்டி தானாகப் பின்னால் உருளாது. வந்தது வந்ததுதான். பாதி மூச்சுதான் உள்ளே போனது. கால்களை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இடது கை முழங்கையோடு மாட்டிக்கொண்டிருந்தது.

மார்பில் என்னவோ தனியாகக் குத்தியது.

சாவி.

சட்டைப் பையில் இருந்த சிவப்புச் சாவி.

அப்படியானால் ஸ்டார்ட்டர் எதில் ஓடுகிறது?

வலது கையில் ஸ்பேனர் இருந்தது. தடவித் தடவி, பேட்டரியின் இன்னொரு கேபிளின் நட்டைத் தளர்த்தினார். கேபிளைப் பிடுங்கி வெளியே எறிந்தார். இப்போது பேட்டரி தனி, வண்டி தனி.

"பொறுங்க... பொறுங்க..."

ர்ர்ர்... கடக்!

விலாவில் ஏதோ முறிந்தது. அவர் முனகினார்.

இன்ஜினுக்குப் பக்கத்தில் ஓர் இடுக்கு. அதன் வழியே பெடல்கள் தெரிந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

பிரேக் பெடல் அழுந்தியது... எழுந்தது... அழுந்தியது...

மேலே பாதம் எதுவும் இல்லை.

"கடவுளே..." என்றார். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"வலிக்குதா?" அந்தக் குரல் அழுதது. "ரொம்ப வலிக்குதா? இதோ... இதோ..."

அந்த நொடியில் அவருக்கு விளங்கியது. அவள் அவரைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள். அவர் முனக முனக அவள் பதறுகிறாள். பதறப் பதற அழுத்துகிறாள். இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்தினால் அவர் கதை முடிந்தது.

உதட்டைக் கடித்தார். ரத்தம் வந்தது. முனகலை அப்படியே விழுங்கினார்.

"அம்மா..." மேடம் என்று வாயில் வரவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

சத்தம் இல்லை.

"வலிக்கவே இல்ல... நான் வெளிய வந்துட்டேன்... நீங்க இறங்குங்க."

சத்தம் இல்லை...

"நிஜமாவா?"

"நிஜமா."

ஸ்பிரிங் மெதுவாகக் கிறீச்சிட்டது.

அவ்வளவுதான்.

டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து ஷெட்டை எட்டிப் பார்க்கும்வரை, ஃப்யூஸ் ஒரு முனகல்கூட முனகாமல் அந்த இடுக்கில் கிடந்தார். டாக்டர் ஒரே தாவலில் சீட்டில் ஏறி, "இருங்க, ஸ்டார்ட் பண்ணிப் பின்னால எடுத்துடறேன்!" என்றார்.

"தொடாதீங்க!"

பாதி மூச்சை வைத்துக்கொண்டு எப்படித்தான் அந்தக் கத்துக் கத்தினாரோ. அந்தச் சத்தத்தில்தான் டாக்டரின் மனைவி தூக்கம் கலைந்து, கலைந்த தலையோடு ஓடி வந்தார். கியரை நியூட்ரலாக்கி, டாக்டரும் மனைவியுமாகத் தள்ளித்தான் வண்டியைப் பின்னால் கொண்டுபோனார்கள்.

மூன்று விலா எலும்பில் முறிவு. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நானும் டாக்டரும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம். நடந்ததை அவர் சொன்னபோது, மருந்து மயக்கம் என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டிராக்டரை விற்றவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். ஃப்யூஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வண்டியில் இதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா என்று மட்டும் கேட்டார்.

விற்றவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சொல்லிட்டுத்தான் வித்திருக்கணும் சார், தப்புதான். எங்க அப்பா அதுக்கு முன்னால உக்காந்து ரிப்பேர் பார்த்துட்டு இருந்தாரு. வண்டி நகர்ந்து, சுவரோட சேர்த்து அமுக்கிடுச்சு. வீட்ல அம்மா மட்டும்தான். அவங்களுக்கு ஓட்டவே தெரியாது. பின்னால எடுக்கறேன்னு ஏறி, ஸ்டார்ட்டரை அழுத்தியிருக்காங்க. அது முன்னால போற கியர் சார். அவரு கத்தக் கத்த, இவங்க அழுத்த..."

நான்தான் போனைக் கிட்டே இழுத்துக் கேட்டேன்.

"உங்க அம்மா எப்போ தவறினாங்க?"

"அம்மாவா? இருக்காங்களே. பக்கத்து ரூம்லதான் படுத்திருக்காங்க."

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் ஃப்யூஸைப் பார்த்தார். அந்த மனிதர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"அன்னிக்கே பேச்சு நின்னு போச்சு சார். மத்தியானம் ஆனா கட்டில் சட்டத்தைக் கட்டை விரலால அழுத்திக்கிட்டே இருப்பாங்க. தினமும் இதே கூத்துதான். ஆனா நேத்து மத்தியானம் திடீர்னு, 'நிஜமாவா?'ன்னு யார்கிட்டயோ கேட்டாங்க. ஓடிப்போய்ப் பார்த்தா ரூம்ல யாரும் இல்ல. கட்டில்லேருந்து கையை எடுத்துட்டு, என்னைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. 'அப்பா வெளிய வந்துட்டாருடா, வலிக்கவே இல்லையாம்'னு சொன்னாங்க."