கொடுத்துவிட்ட தங்கை

இந்த அமெரிக்காவில் ரொட்டிக்குக்கூட வகைவகையாகப் பெயர் உண்டு, சொந்தத்துக்குத்தான் பஞ்சம். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெண்ணை அழைத்து வந்து, “என் கசின்” என்றார். சித்தப்பா மகளா, மாமன் மகளா என்று கேட்டேன். “கசின்” என்றார் மறுபடியும். கட்டிக்கொள்ளும் முறையா, தங்கச்சி முறையா என்று தெரியாத இடத்தில் நான் என்ன பேசுவது? கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் உறவுமுறை விளங்காத இந்தப் பேச்சில் என் உயிரே போகப் பார்த்தது.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். நாமக்கல்லில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருந்தேன். கம்ப்ரசர் விற்க வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் என் கைவேலையைப் பார்த்துவிட்டுத் தன் கம்பெனிக்கே கூட்டி வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் விமானம் ஏறிய முதல் ரிக்காரன் நான்தான். வேறு எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். மனைவி தவறிவிட்டாள், பிள்ளை இல்லை. தனியாளாக இங்கே கால் ஊன்றி நிற்கும்போதுதான் ஈறில் ரத்தம் கசிந்தது. தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. லுக்கேமியா, ரத்தப் புற்று என்றார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலும்பு மஜ்ஜையை மாற்றி இந்த நோயைத் தீர்க்க முடியுமா என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். நெட்டையானவர், மெல்லத்தான் பேசுவார். நாய்களுக்குச் செய்து பார்த்துப் படிப்படியாக மனிதர்களிடம் வந்தவராம். முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து என் மஜ்ஜையை அடியோடு அழிப்பார்கள். பிறகு பொருந்துகிற ஒருவருடைய மஜ்ஜையை ஏற்றுவார்கள். பிழைப்பேனா என்று கேட்டேன். “தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு வேலையும்” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தண்ணீர் வரும் என்று சத்தியம் செய்துவிட்டுப் போர் போடுகிறவனை நான் என்றைக்குமே நம்பியதில்லை.

“கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?” என்றார்.

“அண்ணன் தம்பி ஏழு பேர்” என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. அவர் முகம் மலர்ந்தது. ஏழு பேரின் பிறந்த தேதியையும் கேட்டவர், எனக்கும் மூன்றாவது அண்ணனுக்கும் ஒரே வருடம், ஒரே மாதம் வருவதைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினார்.

“எல்லோருக்கும் ஒரே அம்மாவா?”

“அதெப்படி? அவர்கள் பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள்.”

“கசின்ஸ்” என்று ஏழு பேரையும் ஒரே கோட்டில் அடித்தார். “ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களுடையதுதான் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் அம்மாவுக்கு வேறு பிள்ளைகளே இல்லையா?”

“ஒரு தங்கை இருந்தாள். அவளைக் கொடுத்துவிட்டோம்.”

டாக்டர் நாற்காலியை நெருக்கிப் போட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “எந்த வயதில் கொடுத்தீர்கள்? இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரியுமா?”

தத்துக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார் மனுஷன்! “ராசிபுரத்தில் நெய் வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்தோம்” என்று புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

டிரங்க் கால் போட்டேன். கரகரவென்ற சத்தத்துக்குள் தங்கை குரல்.

“ஏனுங்ண்ணா, எலும்பையா உருவுறாங்க? இவரு பயப்படறாருங்க.”

“எலும்பில்ல அம்மிணி. நல்லிக்குள்ள இருக்குமே, அது.”

“ஆட்டு நல்லில உறிஞ்சுவோமே, அதுங்களா? அதுக்கு நான் எதுக்குங்க, ஒரு கெடாய அறுத்தா ஆவாதா?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “சும்மா சொன்னேனுங்ண்ணா. வாரேன்.”

வந்தாள். ரத்தம் பொருந்தியது. ஆபரேஷன் என்று நான் பயந்துகொண்டிருக்க, அவள் இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுத்ததை ஒரு பையில் தொங்கவிட்டு, சாதாரண ரத்தம் மாதிரிச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கிருமி அண்டாத அறையில் நான். கண்ணாடிக்கு வெளியே அவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. மாதக்கணக்கில் தொட்டுப் பேச முடியவில்லை. ஊருக்குக் கிளம்பும்போதும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, “வாரேனுங்ண்ணா” என்றாள். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

பிழைத்துக்கொண்டேன். ஆனால் உடம்பு இன்னும் தாங்காது, ஊர்ப்பயணம் இப்போது வேண்டாம் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போடுகிறார். கடைசித் தடவை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். “உங்கள் ரத்தத்தில் இருப்பதெல்லாம் பெண்ணின் அணுக்கள். உங்கள் தங்கையினுடையவை.” அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நான் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கே தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அப்ப நான் அங்கயேதான் இருக்கறனுங்களா? நீங்க எப்பங்ண்ணா ஊட்டுக்கு வருவீங்க?”

ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். லைன் அறுந்தது என்று நினைத்து அவளே வைத்துவிட்டாள்.

இன்று காலை சவரம் செய்யும்போது தாடையில் பிளேடு பட்டுவிட்டது. வெள்ளைத் தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. வலி எனக்கு, ரத்தம் அவளுடையது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் திறக்கப் போன கை நின்றுவிட்டது. அது காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.