ஆர்லோவின் காது

ஆர்லோ பென்னிங் எங்கள் மலைப் பண்ணையில் இருபத்தாறு வருடமாக வேட்டைக்கு வழிகாட்டி. எல்க் மான் கத்தினால் வயோமிங் மாநிலத்திலேயே முதலில் அவருக்குத்தான் கேட்கும் என்பது ஊர்ப்பேச்சு. கூட வந்தவர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அவர் குதிரையைத் திருப்பிவிடுவார். போனால் மான் இருக்கும்.

அவருக்குக் காது கேட்காது என்பது முகாமில் சமைக்கிற எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் நின்று காபி வேண்டுமா என்றால் பதில் வராது. முன்னால் வந்து கேட்டால் வரும். வேட்டைக்கு வந்தவர்களெல்லாம் அவர் காதோரம் துப்பாக்கியால் சுட்டுச் சுட்டு, கீச்சென்ற சத்தம் எதுவுமே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. ஆண் எல்க்கின் குரலோ விசில் மாதிரி உச்சத்துக்குப் போவது. அதைக் கேட்டது அவருடைய குதிரை ஜூனிபர். அது காதை நீட்டிய பக்கம் அவர் போனார். நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

போன செப்டம்பரில் மார்வா கிரெப்ஸ் என்ற பெண்மணி வேட்டைக்கு வந்தார். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. வேட்டை அனுமதிக் குலுக்கலில் ஒன்பது வருடம் பெயர் கொடுத்து, அந்த வருடம்தான் விழுந்திருந்தது. அவர் வந்த அன்று பார்த்து ஜூனிபர் நொண்டியது. பண்ணைக்காரி லெட்டி, டூலி என்ற இளங்குதிரையைக் கொடுத்தாள்.

டூலிக்கு உலகத்தில் எல்லாமே அதிசயம். முதல் நாள் அதன் காதை நம்பி நாலு மணி நேரம் ஏறிப்போய், யாரோ தொலைத்த நீலத் தார்ப்பாயைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பசுமாடு.

மூன்றாம் நாள் காலை நடந்ததை மார்வாவே எனக்குச் சொன்னார். மலைமுகட்டில் போய்க்கொண்டிருந்தபோது அவர் தன் குதிரையை ஆர்லோவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

"ஆர்லோ, பின்னாடி கத்துது."

ஆர்லோ டூலியின் காதைப் பார்த்தார். டூலி ஒரு காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குக் கேக்கலையா?"

"பதினோரு வருஷமா கேக்கல."

"அப்புறம் எப்படிங்க வழி காட்டுனீங்க?"

"குதிரைக்குக் கேக்கும்."

"இந்தக் குதிரைக்கா?"

"இல்ல. இது வேற குதிரை." கடிவாளத்தை இழுத்து டூலியைத் திருப்பி, "கீழ போயிடலாம். லெட்டி வேற ஆள் தருவா" என்றார்.

"ஒம்பது வருஷம் காத்துக் கெடந்து வந்திருக்கேன், திரும்பிப் போகச் சொல்றீங்களா? கேக்கறத நான் பாத்துக்கறேன். காத்து எந்தப் பக்கம், எங்க ஏறணும், அத நீங்க பாருங்க."

குதிரைகளைக் கட்டிவிட்டு நடந்தார்கள். மார்வா கையைக் காட்டினார், ஆர்லோ மான் மோப்பம் பிடிக்காதபடி ஃபிர் மரங்களுக்குள் சுற்றிக் கூட்டிப்போனார். இரண்டு மணி நேரம் கழித்து, சரிவில் பெரிய கொம்புள்ள ஆண் எல்க் ஒன்று நின்றது. மார்வா ஒரே குண்டில் வீழ்த்தினார். ஆர்லோ அதன் கழுத்தில் கைவைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். அவர் அழுதாரா என்று கேட்டேன். "தூசி நெறைய இருந்துச்சு" என்றார் மார்வா.

இறைச்சி கோவேறு கழுதைகளில் இறங்கியது. ஈரலை வெங்காயம் போட்டு வதக்கினேன். சாப்பாட்டு மேசையில் ஆர்லோ எழுந்து நின்று, லெட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார். லெட்டி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யோவ், பின்னாடி எவனாவது 'சுடாதே'ன்னு கத்தியிருந்தா?"

ஆர்லோ திரும்ப உட்கார்ந்தார். எனக்குத் தட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"உனக்கும் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். தெரியும் என்றேன்.

"நல்லா இருக்கீங்கடா ரெண்டு பேரும்."

காதுக்குக் கருவி வைக்கும்வரை மலையேறக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மீதி சீசன் முழுக்க ஆர்லோ வேலி சரிபார்த்தார். யாரையும் குறை சொல்லவில்லை.

நவம்பரில் நகரத்துக்குப் போய் இரண்டு காதிலும் கருவியோடு திரும்பினார். வண்டியை விட்டு இறங்கியவர் சமையலறைக்கு வராமல் ஓடைப் பக்கம் போய் நின்றார். அரை மணி நேரம் ஆயிற்று. நான் போய்ப் பார்த்தபோது ஓடைத் தண்ணீரைக் காட்டினார்.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான்."

"ரொம்பப் பேசுது" என்றார். பிறகு வைக்கோல் இறக்கப் போனார்.