அக்காவுக்கு ஒரு தட்டு சுறாப்புட்டு

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு வாரமாகியும் பால் சரியாக ஊறவில்லை. பிள்ளை கத்துகிற கத்தலில் தெருவின் தறிச்சத்தமே கேட்காது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் சுரக்கும் என்பார்கள். அப்பா விடியற்காலையிலேயே சந்தைக்குப் போய், தூத்துக்குடியிலிருந்து வந்த பால்சுறாவை வாங்கிவந்தார்.

நான் அப்போது விலங்கியல் முதல் வருஷம். படத்தில் மட்டும் பார்த்த பிராணி அடுக்களைக்கே வந்துவிட்டது! வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

“தோல் பூரா குட்டிக்குட்டிப் பல்லும்மா. வாயிலயும் வரிசை வரிசையா இருக்கு. ஒண்ணு விழுந்தா பின்வரிசைப் பல்லு முன்னால வந்துரும். ஆனா ஒடம்புல ஒரு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு.”

“அதான் அவிச்சா பூவா உதிருது. தள்ளுட்டி” என்றாள் அம்மா. மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் வதக்கிப் புட்டாக்கினாள். நான்தான் தட்டைக் கொண்டுபோனேன்.

அக்கா மூக்கைப் பொத்தினாள். “என்னட்டி இப்படி நெடி அடிக்கு?”

கேட்டுவிட்டாளே, விடுவேனா? “சுறா ரத்தத்துல யூரியாவைச் சேத்து வச்சிருக்கும்க்கா. இல்லேன்னா கடலுப்பு அது ஒடம்புத் தண்ணியை உறிஞ்சிரும். செத்த பொறவு அந்த யூரியாதான் கெட்டு நாறுது.”

அக்காவின் கை நின்றது. “வயலுக்குப் போடுத யூரியாவா?”

“அதேதான்!”

தட்டு என் பக்கம் நகர்ந்தது. போன வருஷம் யூரியா கரைத்த தண்ணீரைக் குடித்துத்தான் எங்கள் கன்றுக்குட்டி செத்தது. “எம்பிள்ளைக்கு அதையா பாலாக் குடுக்கச் சொல்லுதே?”

அம்மா கரண்டியோடு வந்தாள். “நல்லாப் படிச்சே போ! அவ திங்கலேன்னா நீயாட்டி பால் குடுப்பே?”

“அவிச்ச தண்ணியோட போயிருச்சுக்கா. மிச்சம் இருந்தாலும் ஒண்ணும் செய்யாது. நம்ம ரத்தத்துலகூட யூரியா இருக்குல்லா.”

“நம்ம ரத்தத்துலயுமா?” அக்கா இன்னும் மிரண்டாள்.

சட்டென்று பேச்சை மாற்றினேன். “இந்தச் சுறா முட்டை போடாதுக்கா, குட்டிதான் போடும். போட்டதும் தாய் திரும்பிக்கூடப் பாக்காது. குட்டி பல்லோட பொறந்து, தானே இரை தேடிப் போயிரும்.”

“அப்ப பாலு?”

“ஒரு சொட்டு கிடையாது. அது மீனுல்லா.”

அக்கா மடியைப் பார்த்தாள். பிள்ளையின் பொக்கை வாய் அவளைத் தேடி முட்டிக்கொண்டிருந்தது. “நீயும் பல்லோட வந்திருக்கப்படாதா, மூதி?” என்றபடி தட்டைத் திரும்ப இழுத்தாள். “நீ மொதல்ல ஒரு வாய் தின்னுட்டி. ஒனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நான் திங்கேன்.”

தின்றேன். இரண்டாவது வாய்க்கும் போன கையில் அம்மா கரண்டியால் ஒரு அடி வைத்தாள். மிச்சத்தை அக்கா வழித்துத் தின்றாள்.

இரண்டு நாளில் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்க ஆரம்பித்தது. தறிச்சத்தம் மறுபடி கேட்டது.

“சுறான்னா சுறாதான்” என்றாள் அம்மா.

“அதுக்கு நிரூபணம் எதுவும் இல்லம்மா. சுறா தின்னாட்டாலும்...”

“ஏட்டி, ஒன் வாயிலயும் பல்லு வரிசை வரிசையாவா இருக்கு? ஒண்ணைத் தட்டிப் பாக்கட்டுமா?”