இரண்டு வீட்டுச் சோறு தின்ற கோழி

எங்கள் கோழி தன் முதல் முட்டையைப் பெரியம்மா வீட்டில் வைத்த அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. அப்பா மில்லில் பகல் ஷிப்ட். அம்மா பேண்டேஜ் கம்பெனியில். நான் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு. பெரியம்மா வீட்டிலோ எல்லாரும் இருந்தார்கள். பெரியம்மா இருந்தாள், அன்று வேலையில்லாமல் பெரியப்பா இருந்தார், காய்ச்சல் என்று மட்டம் போட்ட அண்ணனும் இருந்தான். கூப்பிட ஆள் இருக்கிற பக்கம் கோழி போனது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் சொன்னேன்.

அண்ணன் என்றால் பெரியம்மாவின் மகன். என்னைவிட எட்டு மாதம் மூத்தவன், ஒரே வகுப்பு. வெறும் எட்டு மாதத்துக்காக ஒருவனை வாழ்நாள் முழுக்க அண்ணன் என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு அப்போதே உண்டு.

அப்பாவும் பெரியப்பாவும் ராஜபாளையத்துக்கு வெளியே ஒரே மனையில் ஒட்டினாற்போல இரண்டு வீடு கட்டியிருந்தார்கள். வாசல் தனித்தனி. பின்னால் கொல்லை ஒன்றுதான். அதில் ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், ஒரு கொய்யா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் இரண்டு பேர் நானும் அண்ணனும். படிக்கிற பிள்ளைக்கு நாட்டுக்கோழி முட்டை கொடுத்தால் மூளை நன்றாக ஓடும் என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா சோழபுரம் போய், தன் அக்கா வீட்டிலிருந்து ஒரு செவலைப் பெட்டையைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். ஆக, அது என் மூளைக்காக வந்த கோழி.

காலையில் அம்மா அதற்கு அரிசி களைந்த தண்ணீரில் தங்கின குருணை, தேங்காய்ச் சக்கை, கத்தரிக்காய்க் காம்பு எல்லாவற்றையும் ஒரு சிரட்டையில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாள். மத்தியானம் அதற்குப் பசிக்குமே என்று நாங்கள் யோசிக்கவில்லை. பெரியம்மா யோசித்தாள். தட்டுக் கழுவுமுன் மிச்சச் சோற்றை உருட்டி, பா பா என்று கூப்பிட்டுப் போட்டாள். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற வேலை. சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தூக்குவாளியில் கொண்டுவருவார். கருகலும் இனிப்புமாக அதற்கு ஒரு ருசி. முதல் வாய் அண்ணனுக்கு. வாளியில் ஒட்டியிருக்கிற கடைசித் துணுக்கு எங்கள் கோழிக்கு. கேட்டால் எனக்கும் கொடுப்பார்கள்தான். கேட்கக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. கோழிக்கு அப்படி உத்தரவு போட ஆளில்லை.

அது பெரியம்மா வீட்டு அடுக்களை மூலையில், பழைய வெங்காயக் கூடைக்குள் முட்டை வைக்கப் பழகிவிட்டது. முட்டையை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று பெரியம்மாவுக்குத் தோன்றவில்லை. சோறு போடுவது அவள்தானே. சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து முட்டை பொரிக்கிற வாசனை வரும். காலாண்டுப் பரீட்சையில் அண்ணன் முதல் ரேங்க், நான் நான்காவது. அதற்கு வேறு காரணம் எதையும் நான் தேடவில்லை. எனக்கு வரவேண்டிய மூளை அவன் தலைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அழுதேன். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “ஏலே, அழாத. கோழி திங்கிற எடத்துலதான் முட்ட வைக்கும். இனிமே நான் போடுத போடுல அது அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்குதான்னு பாரு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோழிக்கு விருந்து. கடலைப் புண்ணாக்கை ராத்திரியே ஊறப் போட்டாள். கம்பு வாங்கினாள். எனக்காக வறுத்த நிலக்கடலையில் பாதியை இடித்து அதற்குப் போட்டாள். மீன் வாங்கினால் தலை அதற்கு. கோழி திரும்பி வந்தது. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் முட்டை வைத்தது. இரண்டு முட்டை தின்றேன். தின்றுகொண்டே வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். வித்தியாசம் தெரிகிற மாதிரிதான் இருந்தது.

பெரியம்மா சும்மா இருப்பாளா? மறுவாரம் கோவாச் சுரண்டலில் முதல் வாயே கோழிக்குப் போனது. அண்ணன் வாளியைப் பார்த்தபடி நின்றதை நான் கொய்யா மரத்தடியிலிருந்து பார்த்தேன். கோழியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் நான் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவோடு முட்டை போடுவார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நிறம். யாரைப் பார்த்தும் வயிறெரிய வழியில்லாத முட்டை. அதனாலோ என்னவோ அதில் ருசியும் இல்லை. நான் அதைத் தின்னாமல் டவுசர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, உதிர்த்துக் கோழிக்குப் போட ஆரம்பித்தேன். முட்டையைக் கொடுத்து முட்டையை வாங்குகிற யோசனை. ஒருநாள் மணி அடித்து வெளியே வரும்போது அண்ணனின் டவுசர் பையும் உருண்டையாகப் புடைத்திருந்தது. நான் பார்த்ததை அவனும் பார்த்தான். வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு பக்கமாகக் கோழிக்கு உதிர்த்துப் போட்டோம்.

அதற்குப் பிறகு முட்டை நின்றுவிட்டது.

கட்டிலுக்கடியில் இல்லை. பெரியம்மா வீட்டில்தான் வைக்கிறது என்று அம்மா முடிவுகட்டினாள். வெங்காயக் கூடையிலும் இல்லை. எங்கள் வீட்டில்தான் வைக்கிறது என்று பெரியம்மா முடிவுகட்டினாள். குழாயடியில் பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, கோழி உன் வீட்லயா வைக்குது?”

“வச்சா ஒங்ககிட்ட எதுக்குக்கா மறைக்கணும். அது எங்க கோழிதான.”

“வைக்காத கோழி எதுக்கு வயித்த இம்புட்டுத் தூக்கிட்டு அலையுது?”

“கோவா திங்குத கோழி எப்படி நடக்கும்னு எனக்கென்ன தெரியும்? நாங்க அதெல்லாம் கண்டமா.”

பெரியம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “இல்லாத வீட்டுக் கோழி, பாவம், நாலு சோறு திங்கட்டும்னு போட்டேன் பாரு. என்னச் சொல்லணும்.”

இல்லாத வீடு என்ற சொல்தான் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: “நடுவுல ஒரு சொவரு வைங்க. எங்கோழி எம்பக்கம் திங்கட்டும், எம்பக்கம் கெடக்கட்டும்.”

அப்பா பெரியப்பாவிடம் போய் நின்றார். பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அண்ணே, நடுவுல ஒரு சொவரு வச்சிருவோமா.”

“வச்சிருவோம்டா. கோழிக்குத்தான.”

“கோழிக்குத்தான்.”

இருவரும் சேர்ந்துதான் கயிறு பிடித்து அளந்தார்கள். சேர்ந்துதான் செங்கலுக்குச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இனிமேல் என் மூளை என் பக்கம்.

சனிக்கிழமை சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. ஞாயிறு கொத்தனாருக்கு லீவு. காலையில் தூக்குவாளிச் சத்தம் கேட்டு கோழி அந்தப் பக்கம் போகத் தாவியது. முழங்கால் சுவர்தான், ஒரு குஞ்சு தாவிவிடும். அது பாதியில் மோதி, மல்லாந்து எங்கள் பக்கமே விழுந்தது. மறுபடியும் தாவி, மறுபடியும் விழுந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவிடம், “அறுத்திருங்க,” என்றாள்.

முட்டையிடுகிற கோழியின் வயிற்றுக்குள் ஓடு இல்லாத மஞ்சள் கருக்கள் பெரிசும் சிறிசுமாகக் கொத்தாகக் கிடக்கும். குழம்பில் போட்டால் பிள்ளைகளுக்கு அதற்குத்தான் சண்டை. இந்தத் தடவை சண்டை போட ஆளில்லை, முழுக் கொத்தும் எனக்குத்தான் என்று நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். அம்மா வயிற்றைக் கீறிக் கையை விட்டாள். கை நிறைய மஞ்சள் கொழுப்பு வந்தது. மறுபடியும் விட்டாள், மறுபடியும் கொழுப்பு. கொத்து இருந்த இடத்தில் கடுகு மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது. அவ்வளவுதான்.

பாத்திரம் கழுவ வந்த பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள்.

“என்னட்டி போட்ட அதுக்கு?”

“புண்ணாக்கு, கம்பு, கடலை. நீங்க என்னக்கா போட்டீய?”

“சோறு. பொறவு கோவா.”

கொழுப்பு அடைத்த கோழி முட்டை வைக்காது என்பது இருவருக்குமே தெரியும். மற்ற வீட்டில் அது எம்புட்டுத் தின்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. எந்த வீட்டிலும் இல்லாத முட்டையை மற்ற வீடு ஒளித்து வைத்திருப்பதாக இரண்டு வீட்டிலும் நினைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, கருக்கொத்து இல்லை என்பது மட்டும்தான்.

குழம்பில் எண்ணெய் ஊற்றாமலே எண்ணெய் மிதந்தது. அம்மா ஒரு கிண்ணம் நிறைய அள்ளி, இரண்டு காலையும் அதிலேயே போட்டு, சுவருக்கு மேலாக நீட்டினாள். என் கோழியின் இரண்டு காலும் அவனுக்கு. நான் சாப்பிடாமல் எழுந்துபோனேன். அம்மாவும் சாப்பிடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை கொத்தனார் வந்துவிட்டார்.

“கோழிதான் இல்லையேப்பா, இனி எதுக்கு சொவரு?” என்று கேட்டேன்.

“செங்கல் எறக்கியாச்சுல்லா,” என்றார் அப்பா.

சுவர் என் தலைக்கு மேலே போனது. அந்தப் பக்கம் அண்ணன் என்ன தின்கிறான் என்று இனி தெரியாது, வயிறெரிச்சலும் இல்லை என்று நினைத்தேன். பார்க்க முடியாததற்குத்தான் அதிகம் வயிறெரிய வேண்டியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை இருவரும் கொய்யாவடியில் ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். பிறகு அவரவர் வீட்டில் படித்தோம். ஒன்பதாம் வகுப்பில் அவன் படிப்பை விட்டுவிட்டுப் பெரியப்பாவோடு கோவா கிண்டப் போன செய்திகூடப் பள்ளிக்கூடத்தில் வேறொரு பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சுவர் முடிந்த அன்று அப்பாவும் பெரியப்பாவும் மிச்ச மணலின் மேல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். இருவருக்கும் எழுதத் தெரியாது. செங்கல், சிமெண்டு, மணல், கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, டீ என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் நாங்கள் கூட்டவேண்டும். நான் சிமெண்டுக்கே விரல் பத்தாமல் திணறிக்கொண்டிருந்தபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான். எனக்கு அவனைப் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது. மொத்தம் பதினோராயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய், வீட்டுக்கு ஐயாயிரத்து அறுநூற்று இருபது.